தப்பித்தவன் மறக்கவில்லை

பெரியோர்களே, நண்பர்களே!

ஐரிஷ் விடுதலைப் போராளி ஜான் பாயில் ஓரெய்லியின் பெயரை எடுத்தாலே, அவர் காவலிலிருந்து தப்பிய கதையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். நானும் அதைச் சொல்லப்போகிறேன். ஆனால் நான் அவரைக் கைகூப்பி வணங்குவது அதற்கடுத்து அவர் செய்த காரியத்துக்காக.

1844-இல் அயர்லாந்தின் மீத் வட்டாரத்தில் பிறந்தவர் அவர். சிறுவயதிலேயே அச்சகத்தில் வேலைக்குப் போனார். 1863-இல் பிரிட்டிஷ் குதிரைப்படையில் சேர்ந்து, அங்கிருந்த ஐரிஷ் சிப்பாய்களை ஃபீனியன் என்ற ரகசிய விடுதலை இயக்கத்துக்குத் திரட்டினார். 1866-இல் பிடிபட்டார். மரண தண்டனை விதித்து, பிறகு அதை 20 ஆண்டுக் கடுங்காவலாகக் குறைத்தார்கள்.

1867 அக்டோபரில் ஹூகமாண்ட் என்ற கப்பல் 280 கைதிகளோடு மேற்கு ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பியது. அவர்களில் 62 பேர் ஃபீனியன்கள். ஆஸ்திரேலியாவுக்குக் கைதிகளைச் சுமந்த கடைசிக் கப்பல் அதுதான். அந்த அடைசலில் கிடந்தபடி அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கையால் எழுதிப் பத்திரிகை நடத்தினார்கள்! ஏழு இதழ்கள் வந்தன. எழுதியவர்களில் ஓரெய்லியும் ஒருவர்.

பன்பரி அருகே சாலை போடும் வேலையில் அவரைப் போட்டார்கள். மெக்கேப் என்ற பாதிரியார் துணைநிற்க, 1869 பிப்ரவரியில் அங்கிருந்து ஓடினார். ஏற்றிக்கொள்வதாகச் சொன்ன திமிங்கில வேட்டைக் கப்பல் கண்ணெதிரே கடந்து போய்விட்டது. இன்னொரு அமெரிக்கக் கப்பல், கெஸல், அவரை ஏற்றிக்கொண்டது. இந்தியப் பெருங்கடலிலுள்ள ரோட்ரிக்ஸ் தீவில் பிரிட்டிஷ் அதிகாரிகள் தேடி வந்துவிட்டார்கள். அன்றிரவு ஹாத்தவே என்ற கப்பல் துணைவர் ஒரு சாணைக்கல்லைத் தூக்கிக் கடலில் போட, ஆள் குதித்து மாண்டான் என்றே எல்லோரும் நம்பினார்கள். தப்பியோடிய ஒரு கைதிக்காக அந்த மாலுமி எடுத்த துணிவு சாதாரணமானதல்ல.

ஓரெய்லி பாஸ்டன் போய்ச் சேர்ந்து, பெரிய பத்திரிகையாசிரியர் ஆனார். மணமுடித்தார், புகழ் பெற்றார். தோழர்களோ இன்னும் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமாண்டில் சிறையில்! மற்ற ஃபீனியன்களுக்கு மன்னிப்பு வந்தது; சிப்பாய்களாக இருந்தவர்களுக்கு மட்டும் இல்லை. ஜேம்ஸ் வில்சன் என்ற கைதி, இது கல்லறையிலிருந்து வரும் குரல் என்று நியூயார்க்கிலிருந்த ஃபீனியன் தலைவர் ஜான் டெவாய்க்கு எழுதினார். டெவாய் யோசனை கேட்டபோது ஓரெய்லி சொன்ன வழி: திமிங்கில வேட்டைக்குப் போவதுபோலக் கப்பல் அனுப்புங்கள். தன்னைக் காப்பாற்றிய ஹாத்தவேயிடமும் டெவாயைச் சேர்த்துவிட்டார்.

1875 ஏப்ரலில் கடல்பா என்ற கப்பல் புறப்பட்டது. ஓராண்டு கழித்து, 1876 ஏப்ரல் 17 அன்று, ஆறு ஃபீனியன் கைதிகள் வெளிவேலையிலிருந்து நழுவி ராக்கிங்ஹாம் கரையில் படகேறினார்கள். ஜார்ஜெட் என்ற ஆயுதம் தாங்கிய நீராவிக் கப்பல் கடல்பாவைத் துரத்தி வந்து மறித்தது. கடல்பாவின் தலைவர் ஜார்ஜ் அந்தோணி அமெரிக்கக் கொடியைக் காட்டினார். சுட்டால் அந்தக் கொடியைச் சுட்டதாகும் என்றார். ஜார்ஜெட் திரும்பிப் போனது. ஆறு பேரும் ஆகஸ்டில் நியூயார்க் சேர்ந்தார்கள்.

ஆனால் ஓரெய்லியை பிரிட்டன் கடைசிவரை மன்னிக்கவில்லை. பக்கத்திலிருந்த கனடாவுக்குப் போய்வரக் கேட்டபோதும் லண்டன் மறுத்தது. 1890-இல், 46 வயதில், அயர்லாந்தை மறுபடி காணாமலே அமெரிக்காவில் இறந்தார்.