உதடு அசையாமல் பேசும் அப்பா: 'பின்' (1988)

ஒரு சின்னச் சோதனை. உதடுகள் ஒட்டாமல் 'அப்பா' என்று சொல்லிப் பாருங்கள்.

வராது. 'அம்மா'வும் வராது. இன்றைக்கு நாம் பேசப்போகும் படத்தில் ஓர் அப்பா தன் பிள்ளைகளிடம் கனிவாகப் பேசுவதே உதட்டை அசைக்காமல்தான்!

[திரையில்: ஜன்னலோரம் அசையாமல் உட்கார்ந்திருக்கும் உருவம்]

படத்தின் பெயர் 'பின்'. 1988இல் கனடாவில் எடுத்தது. ஆண்ட்ரூ நீடர்மேனின் நாவலை வைத்து எழுதி இயக்கியவர் சாண்டோர் ஸ்டெர்ன். அதே வருஷம்தான் கத்தியோடு ஓடும் சக்கி பொம்மை தியேட்டருக்கு வந்தது. அதன் பெயர் இன்றும் எல்லோருக்கும் தெரியும். பின்னோ ஓடாது, கொல்லாது, சும்மா உட்கார்ந்திருக்கும். அமெரிக்காவில் வீடியோ கேசட்டாக வந்து, அலமாரியிலேயே மறக்கப்பட்டுவிட்டது. எனக்கு அது பெரிய அநியாயமாகப் படுகிறது.

சரி, கதை. டாக்டர் லிண்டனின் கிளினிக்கில் ஆளுயர மருத்துவப் பொம்மை ஒன்று இருக்கிறது. தோல் கண்ணாடி மாதிரி, உள்ளே தசையும் உறுப்பும் அப்படியே தெரியும். பினோக்கியோ என்ற கதைப் பொம்மையின் பெயரைச் சுருக்கி 'பின்' என்று பெயர். வீட்டில் அம்மாவுக்குச் சுத்தம்தான் உயிர், சோபாவுக்குக்கூட பிளாஸ்டிக் உறை. அப்பா இறுக்கமான மனிதர். ஆனால் பிள்ளைகள் உடம்பைப் பற்றி ஏதாவது கேட்டால், குரலை மாற்றிப் பொம்மை பேசுவதுபோலப் பொறுமையாக விளக்குகிறார். அது அப்பாவின் குரல்தான் என்று மகள் ஊர்சுலாவுக்குப் புரிந்துவிடுகிறது. மகன் லியோனுக்குப் புரியவில்லை. பெற்றோர் கார் விபத்தில் இறந்த பிறகு, அவன் பொம்மையை வீட்டுக்குக் கொண்டுவந்து அப்பாவின் உடையை மாட்டி உட்கார வைக்கிறான். இதற்கு மேல் கதை சொல்ல மாட்டேன்.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். உதடு அசையாமல் பேசுகிறவர்களுக்கு ப, ம இரண்டும்தான் எதிரி. 'ப' வரும் இடத்தில் நாக்கை வைத்து 'த' மாதிரி ஒலித்துச் சமாளிப்பார்கள். அப்படியென்றால் 'பின்' என்ற பெயரையே கவனியுங்கள். முதல் எழுத்தே 'ப'! அந்தப் பொம்மை தன் பெயரைச் சொல்வதே கஷ்டம்.

நமக்கு இந்த விளையாட்டு புதிதல்ல. உதடு ஒட்டாமல் சொல்லக்கூடிய குறள் ஒன்று உண்டு. நீங்களும் சொல்லிப் பாருங்கள்:

"யாதனின் யாதனின் நீங்கியான் நோதல்
அதனின் அதனின் இலன்."

எதையெதை விட்டு விலகுகிறானோ, அதனதனால் அவனுக்குத் துன்பம் இல்லை. லியோனுடைய நோய் இதற்கு நேர் எதிரானது. அவனால் எதையுமே விட முடியவில்லை. தங்கையை, வீட்டை, முக்கியமாக அந்தக் குரலை.

அந்தக் குரலைக் கேட்டால் உங்களுக்கே தெரியும். பின்னுக்குக் குரல் கொடுத்தவர் ஜோனதன் பேங்க்ஸ், பின்னாளில் 'பிரேக்கிங் பேட்' தொடரில் மைக் என்ற பாத்திரத்தில் வந்தவர். அப்பா பேச வைத்தபோதும் அதே குரல், அப்பா செத்த பிறகும் அதே குரல். அமைதியான, அதட்டாத குரல். சொத்து, வீடு போல அப்பாவின் கனிவும் மகனுக்கு வந்து சேர்கிறது, ஆனால் பொம்மைக்குள் அடைபட்டுத்தான் வருகிறது. நேராகப் பேசியிருந்தால் இந்தப் பையன் பிழைத்திருப்பான் என்றே நினைக்கிறேன். பேய் கிடையாது, ரத்தமும் அதிகம் கிடையாது, ஆனாலும் வயிறு கலங்குகிறது.

[திரையில்: கண்ணாடித் தோலுடன் பின்னின் முகம், நெருக்கத்தில்]

லியோனாக நடித்த டேவிட் ஹ்யூலெட்டையும் அப்பாவாக வரும் டெர்ரி ஓக்வின்னையும் தவறவிடாதீர்கள். ஓக்வின் இந்தப் படத்தில் ஒரு தடவைகூடக் கத்த வேண்டிய அவசியம் இல்லாமல் பயமுறுத்துகிறார்.

இரவில், தனியாக, ஹெட்போன் போட்டுப் பாருங்கள். பொம்மை பேசும்போது யார் வாயைத் தேடுகிறோம் என்பதை எந்தக் காட்சியில் மறந்தீர்கள்? அதை மட்டும் கமெண்டில் எழுதுங்கள். முடிவை உடைத்துவிடாதீர்கள், ப்ளீஸ்.