தூக்குப்போசியும் பச்சைப் பையும்

நடுவர் அய்யாவுக்கும், ரெண்டு அணி அன்பர்களுக்கும், பனியைப் பார்க்காம வந்து உட்கார்ந்திருக்கிற கோவைப் பெருமக்களுக்கும் வணக்கம். கையில ஒரு வேலை இருக்கும்போதே பிராந்திய ராணுவத்துலயும் சேர்றது நல்லதா, வீண் வேலையான்னு தலைப்பு கொடுத்திருக்கீங்க. நல்லதுன்னு பேச வந்திருக்கேன். தலைப்பைப் பார்த்ததும் ‘நானே பேசறேன்’னு கேட்டு வாங்கினேன் அய்யா. ஏன்னா என் கூடப் பிறந்த தம்பி அதுலதான் இருக்கான்.

கணபதியில ஒரு பட்டறையில லேத் ஓட்டறான். மோட்டார் பம்புக்கு ஷாஃப்ட் கடையற வேலை. இதே ஊர்ல, ரெட்ஃபீல்ட்ஸ்ல இருக்குதுங்களே 110-வது பட்டாலியன், மெட்ராஸ் ரெஜிமெண்ட்டைச் சேர்ந்த பிராந்திய ராணுவம், அதுல அவன் ஜவான்.

சேர்ந்த அன்னைக்கு ஓடி வந்து, “அக்கா, டி.ஏ.ல எடுத்துட்டாங்க!”ன்னான். பக்கத்து வீட்டுல ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருத்தர் இருக்காரு. திண்ணையில இருந்தே கேட்டாரு: “எத்தனை பர்சண்ட் தம்பி?” இவன் சொன்னது டெரிடோரியல் ஆர்மி, அதாவது பிராந்திய ராணுவம்; அவருக்கு டி.ஏ.ன்னா பஞ்சப்படி! அரை மணி நேரம் விளக்கினான். வருஷத்துக்கு ரெண்டு மாசம் பயிற்சி முகாம், நாடு கூப்பிட்டா எல்லைக்கும் போகணும், கூப்பிட்ட காலத்துக்கு ராணுவச் சம்பளம், மத்த நாளெல்லாம் பட்டறைன்னு. எல்லாத்தையும் பொறுமையா கேட்டுட்டு வாத்தியார் சொன்னாரு: “அதெல்லாம் சரி தம்பி, அரியர் உண்டா?”

அடுத்து லீவு கேக்கணும். அதுதான் நடுவர் அவர்களே, அவனுக்கு முதல் போர்க்களம். சனிக்கிழமை சாயங்காலம் முதலாளி கூலி எண்ணிட்டு இருக்காரு. இவன் போய் நின்னான். “ரெண்டு மாசம் லீவு வேணுங்க.” எண்ணிட்டிருந்த நோட்டு கையிலயே நின்னு போச்சு. “ஏம்ப்பா, உன்ற கல்யாணத்துக்கே நாலு நாள்தானே கேட்ட? இப்ப ஆருக்குக் கல்யாணம்?” ராணுவம்னு சொன்னான். “ராணுவத்துல லேத்து இருக்குதா? இல்லீல்ல? அப்ப இங்கயே இரு.” முதல் சுற்று முடிஞ்சுது.

ரெண்டாவது சுற்றுக்கு அழைப்புக் கடிதத்தைக் கொண்டுபோய் நீட்டுனான். அசோகச் சின்னம் போட்ட காகிதம், உள்ள எல்லாம் இங்கிலீஷ். முதலாளி கண்ணாடியை மாட்டிப் பார்த்துட்டு, “ஏதாச்சும் கேஸாப்பா?”ன்னு மெதுவாக் கேட்டாரு. மூணாவது சுற்றுக்கு எங்கம்மா கிளம்பிட்டாங்க. போனவங்க சட்டம் பேசல, தேசபக்தி பேசல. “ஏனுங்க, பெத்தவ நானே அனுப்பறேன். நீங்க ரெண்டு மாசம் அனுப்ப மாட்டீங்களா?” அவ்வளவுதான். முதலாளி எழுந்து நின்னுட்டாரு. “போயிட்டு வரச் சொல்லுங்.”

இப்படிப் போறவனுக்கு வேலை கொடுக்கிறவர் விடுப்பு தரணும், திரும்பி வந்தா முன்னைவிடக் குறையாத நிலையில வேலை தரணும்னு 1948-ஆம் வருஷத்துப் பிராந்திய ராணுவச் சட்டத்துலயே இருக்கு. அது அப்ப எங்க யாருக்கும் தெரியாது. தெரியாமலே அந்த மனுசன் சட்டத்துக்கு மேல ஒண்ணு செஞ்சாரு. தம்பி முகாமுக்குப் போன அன்னைக்கு அவனோட லேத்துக்குத் துரு பிடிக்காம கிரீஸ் தடவி, வீட்டுல இருந்து தன்னோட பழைய வேட்டியைக் கொண்டு வந்து போர்த்தி வெச்சாரு. ரெண்டு மாசம் அந்த வேட்டியை யாரும் எடுக்கல.

திரும்பி வந்து மூணாவது வாரம். செயின் புல்லியில தூக்குன ஒரு இரும்புக் காஸ்டிங் நழுவி, ஹெல்ப்பர் பையன் கால்ல விழுந்துருச்சு. ரத்தமான ரத்தம். ஒருத்தர் காப்பித்தூள் எடுக்க ஓடறாரு, ஒருத்தர் மஞ்சத்தூள் எடுக்க ஓடறாரு, முதலாளிக்குத் தலை சுத்தி அவரே உட்கார்ந்துட்டாரு. என்னடா பண்ணேன்னு தம்பியைக் கேட்டேன். “சுத்தமான துணியை மடிச்சு அழுத்திப் பிடிச்சேன், காலை அசைய விடாமக் கட்டுனேன், ஆட்டோவுல ஏத்துனேன்”னு சொல்லிட்டு சோறு சாப்பிடப் போயிட்டான்.

முதலாளி சொன்னா அது அரை மணி நேரம். “எல்லாரும் கத்தறானுங்க, இவன் ஒருத்தன் மட்டும் கத்தலீங். ‘நீ துணி, நீ ஆட்டோ, நீ மெயின் சுவிட்ச்’னு மூணு பேருக்கு மூணு வேலை குடுத்தானுங். எனக்கும் ஒண்ணு குடுத்தான், ‘முதலாளி, நீங்க தண்ணி குடிங்க’ன்னு. இருபத்தஞ்சு வருசமா நான் பட்டறை நடத்தறேன், அந்தப் பத்து நிமிசம் அவன்தானுங் நடத்துனான்.”

எங்கம்மா சொல்றது மூணாவது பாட்டு. அதுல என் தம்பி அந்தக் காஸ்டிங்கை ஒத்தைக் கையில தூக்கி எறியறான். எடை ஒவ்வொரு கல்யாண வீட்டுலயும் அஞ்சு கிலோ கூடும். போன மாசம் உடுமலைப்பேட்டைக் கல்யாணத்துல நூத்தி நாப்பது கிலோவுல நின்னுச்சு. இருக்கட்டும். பையனுக்குக் கால் இருக்கு. இன்னைக்கும் நடந்து வேலைக்கு வர்றான். எனக்கு அந்த எடை போதும்.

இப்ப எதிரணித் தலைவருக்கு வர்றேன். அவர் ஒரு வரி சொன்னாரு, நீங்களும் கை தட்டுனீங்க. “ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால். ரெண்டு மாசம் சிப்பாய், பத்து மாசம் சிப்பந்தி!” எதுகை மோனை எல்லாம் பிரமாதம். ஆனா அய்யா, நீங்க சேத்துல இறங்கியிருக்கீங்களா?

எங்க அப்பா காலிங்கராயன் வாய்க்கால் பாசனத்துல வயல் வெச்சிருந்தவர். நடவு நாள்ல மடை உடைஞ்சா என்ன பண்ணுவாருன்னு நான் வரப்புல உட்கார்ந்து பார்த்திருக்கேன். ஒரு கால் வாய்க்கால் தண்ணியில, ஒரு கால் வயல் சேத்துல. வாய்க்கால்ல இருக்கிற கால் தண்ணியைத் தடுக்கும், சேத்துல இருக்கிற கால் ஆளைத் தாங்கும். மம்பட்டியால மண்ணை வெட்டி வெட்டி அப்பி மடையை அடைச்சுட்டுத்தான் ரெண்டு காலையும் எடுப்பாரு. ரெண்டு காலையும் வரப்புல வெச்சுட்டு நின்னவன் வயல்ல அந்த வருஷம் நாத்து மிஞ்சல. ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால் வெச்சவர் விளைவிச்ச நெல்லைத் தின்னுதான் நான் இன்னைக்கு இங்க வந்து பேசறேன் அய்யா!

சிப்பந்தின்னு வேற சொன்னீங்க. அதுலதான் எனக்கு வருத்தம். சிப்பாயைப் பெரிசாக்க சிப்பந்தியைச் சின்னதாக்குனீங்க. இந்த ராணுவமே சிப்பந்திகளுக்குன்னு வந்ததுதானே? சொந்தமா ஒரு சம்பாத்தியம் இருக்கிறவங்களைத்தான் இது தேடுது. முதல் இந்தியக் கவர்னர் ஜெனரலா இருந்த நம்ம ராஜாஜி 1949 அக்டோபர் 9-ஆம் தேதி இதைத் தொடங்கி வெச்சாரு. வக்கீலா இருந்து, சேலத்துல நகராட்சித் தலைவரா இருந்து மேல வந்த மனுசன். வேலை பார்க்கிறவன் கையில நாட்டைக் கொடுக்கலாம்னு அவருக்குத் தெரியாதா? ரயில்வேக்காரங்களுக்குன்னு இதுல படைப்பிரிவு இருக்கு, எண்ணெய் நிறுவனத்துல வேலை செய்யறவங்களுக்குன்னு இருக்கு. ஏன்? போர்னு வந்தா ரயிலும் ஓடணும், எண்ணெயும் போகணும். அதை நேத்து வரைக்கும் ஓட்டுனவன்தான் அன்னைக்கும் ஓட்ட முடியும். அவன் சிப்பந்தியா இருக்கிறதுதான் அய்யா சிப்பாயா இருக்கிறதுக்கே தகுதி!

எதிரணித் தங்கச்சி ஒண்ணு கேட்டாங்க, பென்ஷன் உண்டான்னு. நேர்மையா சொல்றேன். அழைக்கப்பட்டுப் பணியில இருந்த காலம் மட்டும் கூட்டி, ஜவானுக்குப் பதினஞ்சு வருஷம் வரணும். நிறையப் பேருக்கு வராது. தெரிஞ்சேதான் சேர்றாங்க. அதுக்கு மேல அந்தக் கேள்விக்குள்ள நான் போகல.

ஏன்னா எனக்கு வயநாடு ஞாபகம் வருது. 2024 ஜூலை 30, விடியறதுக்கு முன்னாடி முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணுக்குள்ள போச்சு. ராணுவத்துல இருந்து முதல்ல கிளம்பிப் போனவங்கள்ல கோழிக்கோட்டுல இருக்கிற 122-வது பட்டாலியனும் உண்டு. அதுவும் மெட்ராஸ் ரெஜிமெண்ட்டு, அதுவும் பிராந்திய ராணுவம். நம்ம வால்பாறையில, கூடலூர்ல இருக்கிற மாதிரி தேயிலைத் தோட்டத்து லைன் வீடுங்க இருந்த இடம். மண்ணுக்குள்ள மாட்டிக்கிட்ட ஒரு உயிர் மேல இருந்து ஒரு கை வராதான்னு பார்க்கும். அந்தக் கையைப் பார்த்து, ‘நீ முழுநேரமா, பகுதிநேரமா?’ன்னு கேக்குமா நடுவர் அவர்களே?

முதல் மணி அடிச்சுட்டாங்க. ரெண்டு நிமிஷம் கொடுங்க. இதைச் சொல்லாம நான் இறங்க மாட்டேன்.

2025 மே மாசம். காஷ்மீர் பஹல்காம்ல சுற்றுலா போனவங்களைச் சுட்டுக் கொன்ன அந்தக் கொடுமை நடந்ததுக்கு அப்புறம், எல்லையில குண்டு விழுந்துட்டு இருந்த வாரம். ராத்திரி டி.வி.யில செய்தி ஓடுது. பிராந்திய ராணுவத்து அதிகாரிகள், வீரர்கள் யாரை வேணும்னாலும் ராணுவத் தளபதி அழைச்சுக்கலாம்னு மத்திய அரசு அதிகாரம் கொடுத்திருக்கு. இருக்கிற 32 காலாட்படை பட்டாலியன்ல 14-ஐப் பணிக்கு எடுக்கலாம். எங்கம்மா சோறு போட்டுட்டு இருந்தாங்க. கரண்டி அப்படியே நின்னுச்சு. தம்பி ஒண்ணும் பேசல. சாப்பிட்டு முடிச்சுக் கை கழுவிட்டு, பரண் மேல இருந்து அந்தப் பச்சைப் பையை இறக்குனான். சீருடையை மடிச்சு வெச்சான். பூட்ஸைத் துடைச்சான். வாசல் பக்கத்துல சுவரோரமாப் பையை வெச்சான். அங்கதான் தினமும் காலையில அம்மா அவனோட தூக்குப்போசியை வைப்பாங்க.

மறுநாள் காலையில எந்திரிச்சுப் பார்த்தா ரெண்டும் பக்கத்துல பக்கத்துல நிக்குது. ஒண்ணு பச்சைப் பை. இன்னொண்ணு மூடி லேசா நசுங்கின எவர்சில்வர் போசி, உள்ள தயிர் சோறும் வடுமாங்காயும். எதை எடுப்பான்னு எங்களுக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. போனைப் பார்த்தான். அழைப்பு இல்லை. போசியை எடுத்துட்டுப் பட்டறைக்குப் போனான். அடுத்த நாளும் அப்படியே. அம்மா தினமும் விடியக்காலையில எந்திரிச்சு சோறு கட்டுவாங்க. கட்டி வெச்சுட்டு, முந்தானையால அந்தப் பை மேல இருக்கிற தூசியைத் துடைப்பாங்க. நாலு மணிக்கு எந்திரிச்சு, போனா வர்றானோ இல்லையோன்னு தெரியாத புள்ளைக்கு மதியச் சோறு கட்டற அந்தக் கையை நான் பார்த்தேன் அய்யா. அதுக்கு எந்த அரசாங்கம் சம்பளம் கொடுக்கும்? எந்தச் சட்டத்துல அதுக்குப் பேர் இருக்கு?

நாலாவது நாள் சாயங்காலம் முதலாளி வீட்டுக்கு வந்தாரு. அதுக்கு முன்னாடி அவர் எங்க வீட்டுப் படி ஏறினதில்லை. அம்மா காப்பி கொடுத்தாங்க, ஆறிப் போச்சு. “ஆர்டர் வந்துச்சாப்பா?” “இல்லீங்க.” கொஞ்ச நேரம் பேசாம இருந்தாரு. அப்புறம் ஸ்கூட்டர் டிக்கியில இருந்து ஒரு மஞ்சப்பையை எடுத்துட்டு வந்து அவன் மடியில வெச்சாரு. உள்ள அந்த வேட்டி. துவைச்சு மடிச்சது. “நீயே போர்த்திட்டுப் போ. நீ வந்து எடுக்கற வரைக்கும் அதை ஒருத்தன் தொட உடமாட்டேன்.” ரெண்டு மாச லீவுக்குக் கூலி எண்றதை நிறுத்துன அதே மனுசனுங்க! குரல் கம்மி, மேல பேச முடியாம வெளிய போய் நின்னுட்டாரு.

அந்த முறை என் தம்பிக்கு அழைப்பு வரல. சண்டையும் நின்னுச்சு. ஆனா பையை அவன் பரண் மேல ஏத்தவே இல்லை.

எங்கம்மா இந்தா மூணாவது வரிசையில, தூண் ஓரமா உட்கார்ந்திருக்காங்க. எந்திரிங்கன்னா எந்திரிக்க மாட்டாங்க, கூச்சம். எதிரணித் தலைவர் ‘சிப்பந்தி’ன்னு சொன்னப்ப கை தட்டுனவங்கள்ல அவங்களும் ஒருத்தர், நான் பார்த்தேன். மேடையில யார் பேசினாலும் தட்டுவாங்க, அவ்வளவு வெள்ளை மனசு. இன்னைக்குக் காலையிலயும் நாலு மணிக்கு எந்திரிச்சு சோறு கட்டிப் போசியை வாசல்ல வெச்சுட்டு, அந்தப் பையைத் துடைச்சுட்டுத்தான் இங்க வந்திருக்காங்க.

நடுவர் அய்யா, உங்க தீர்ப்பை அவங்களைப் பார்த்துச் சொல்லுங்க. வணக்கம்.