கறுப்புத் திட்டுக்குள் எவ்வளவு இரும்பு?

ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்பு உண்டு. ஆகவே மூளைக்குள் 30 மில்லிலிட்டர் ரத்தம் கசிந்து உறைந்தால், சுமார் 15 மில்லிகிராம் இரும்பு இருக்கக்கூடாத இடத்தில் தங்கிவிடுகிறது.

சில நாட்களில் சிவப்பணுக்கள் சிதைய, வெளிப்படும் ஹீமோகுளோபினை மூளையின் துப்புரவுச் செல்களான மைக்ரோகிளியா விழுங்கி உடைக்கின்றன. பிரியும் இரும்பில் ஒரு பகுதி ஃபெரிட்டின் என்னும் புரதக் கூட்டுக்குள் அடைபடுகிறது. ஒரு கூட்டில் 4,500 அணுக்கள் வரை அடங்கும். கூட்டில் சேராமல் திரியும் இரும்புதான் ஆபத்து. அது ஹைட்ரஜன் பெராக்சைடுடன் வினைபுரிந்து, செல்சவ்வின் கொழுப்பைத் தாக்கும் ஹைட்ராக்சில் தனி உறுப்புகள் என்னும், மிகத் தீவிரமாக வினைபுரியும் துகள்களை உண்டாக்குகிறது.

[திரையில்: மூளையின் குறுக்குவெட்டுப் படம், ஓரிடத்தில் கறுப்புத் திட்டு]

ரத்தம் கசிந்த மூளையின் எம்ஆர்ஐ (காந்த ஒத்ததிர்வு) படம் இது. இந்தத் திட்டைப் பாருங்கள். இரும்பு தன்னைச் சுற்றியுள்ள காந்தப்புலத்தைச் சற்றே குலைப்பதால், அங்குள்ள நீரின் புரோட்டான்கள் வெவ்வேறு வேகத்தில் சுழன்று ஒத்திசைவை இழக்க, அவற்றிலிருந்து கருவி பெறும் சமிக்ஞை விரைவில் மங்கிவிடுகிறது. அந்த மங்கும் வேகத்துக்கு ஆர்2 ஸ்டார் என்று பெயர். இரும்பு கூடினால் அதுவும் கூடும். ஆனால் திட்டின் அகலத்தை அளந்து இரும்பைக் கணக்கிட முயல்வது வீண் வேலை. எதிரொலி நேரத்தை, அதாவது புரோட்டான்களைத் தூண்டியபின் சமிக்ஞையைப் பதிவுசெய்யக் காத்திருக்கும் நேரத்தை, நீட்டினாலே போதும், அதே திட்டு பெரிதாகத் தெரியும். கால்சியம் படிந்த இடமும் இதே போலக் கறுப்பாகவே தோன்றும்.

எனவே சமிக்ஞையின் வலிமையோடு அதன் கட்டத்தையும் (அலை தன் சுழற்சியில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும்) பதிவுசெய்து, புலம் எங்கே எவ்வளவு குலைந்திருக்கிறது என்பதிலிருந்து ஒவ்வொரு புள்ளியின் காந்த ஏற்புத்திறனையும் (புலத்தில் அது எவ்வளவு காந்தமாகிறது என்பதை) பின்னோக்கிக் கணக்கிடுகிறார்கள். இரும்புக்கு நேர்க்குறி, கால்சியத்துக்கு எதிர்க்குறி என்பதால் இரண்டும் பிரிந்துவிடுகின்றன. கணக்கு எளிதன்று: முதன்மைக் காந்தப்புலத்துக்கு 54.7 பாகைக் கோணத்தில் ஓர் இருமுனையின் (நுண்ணிய காந்தம் ஒன்றின்) விளைவு சுழியாகிவிடுவதால் அங்கே தகவல் கிடைப்பதில்லை. அந்த இடைவெளியைக் கணினி வழிமுறை ஊகித்தே நிரப்புகிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு, என் பார்வையில் இதுவே பெரிது. கருவி அளப்பது காந்தத்தன்மையைத்தான், இரும்பை நேரடியாக அல்ல. ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின், காந்தப்புலத்தால் சற்றே விலக்கப்படும் டயா காந்தப் பொருள். ஆக்சிஜனை இழந்ததும் அதே இரும்பு, புலத்தால் ஈர்க்கப்படும் பாரா காந்தப் பொருளாகிவிடுகிறது என்பதை வேதியியலாளர்கள் லைனஸ் பாலிங்கும் சார்லஸ் கோரியலும் 1936இலேயே காட்டினர். பிறகு மெத்ஹீமோகுளோபின் (இரும்பு ஆக்சிஜனேற்றமடைந்த ஹீமோகுளோபின்), ஹீமோசிடரின் (செல்களுக்குள் தேங்கும் இரும்புப் படிவு) என வடிவம் மாறும்போதும் அளவீடு மாறும். ஆகவே முதல் வாரத்து எண்ணிலிருந்து மூன்றாம் மாதத்து எண்ணைக் கழித்து, இவ்வளவு இரும்பு வெளியேறியது என்று சொல்லிவிட முடியாது.