கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

நேயர்களுக்கு வணக்கம். மலேசியா, பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியன் பேசுகிறேன். 'வானொலியும் நானும்' என்று தலைப்புக் கொடுத்தார்கள். 'நானும்' வேண்டாம், நிலையத்தில் வேலை செய்கிறவர்களைப் பற்றிப் பேசுகிறேனே என்றேன், ஒப்புக்கொண்டார்கள்.

அறிவிப்பாளர்களைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. குரலைக் கேட்டதும் பெயரைச் சொல்லிவிடுவீர்கள். 1946இல் ரேடியோ மலாயா தொடங்கியது. அதன் தமிழ்ப் பிரிவு பிறகு வானொலி 6 ஆனது, இன்று மின்னல் எஃப்எம். பெயர் எதுவானாலும் ரப்பர் தோட்டத்துச் சனங்களுக்கு அறிவிப்பாளர் சொந்தக்காரர்தான். ஒருவருக்குச் சளி பிடித்திருப்பதைக் குரலிலேயே கண்டுபிடித்துவிட்ட என் அம்மா, "கஷாயம் வைத்துக் கொடுக்க வீட்டில் ஆள் இல்லையா?" என்று வானொலிப் பெட்டியைப் பார்த்துக் கேட்டிருக்கிறார். நான் பேச வந்தது அந்த அறிவிப்பாளருக்கு எதிரே, ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஒலியைக் கவனிப்பவரைப் பற்றி.

இதோ இப்போதும் ஒரு தம்பி இருக்கிறார். என் குரல் ஏறினால் இறக்குகிறார், இறங்கினால் ஏற்றுகிறார். வகுப்பில் கத்திப் பழகிய தொண்டை. அவருக்கு இன்று வேலை அதிகம்.

எழுபதுகளின் கடைசியில் வானொலிக்கு நாடகம் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு நாடகத்தின் ஒலிப்பதிவுக்குக் கோலாலம்பூரில் வானொலி நிலையம் இருக்கும் அங்காசாபுரிக்கு வரச் சொன்னார்கள். கதையில் ஒரு காட்சி, தோட்டத்தில் ரப்பர்ப் பாலைச் சேர்க்கும் பால் ஸ்டோரில் நடக்கும். வாளிப் பாலை வடிகட்டியில் ஊற்ற வேண்டும். ஒலிக்குப் பொறுப்பானவர் தண்ணீரை ஊற்றிக் காட்டி, "எப்படி இருக்கிறது, வாத்தியாரே?" என்றார். நன்றாகத்தான் இருக்கிறது என்றேன். அவர் விடவில்லை. "நீங்கள் தோட்டத்துக்காரர். கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். இது பாலா, குழாய்த் தண்ணீரா?" கண்ணை மூடினேன். தண்ணீர்தான். தண்ணீர் சலசலக்கும், ரப்பர்ப் பால் அப்படிச் சலசலக்காது, சத்தத்தை விழுங்கிக்கொண்டு தொபதொபவென்று விழும்.

அவர் எழுந்து கேண்டீனுக்குப் போனார். நடிகர்கள் எல்லாம் வசனத்தாளோடு காத்திருக்கிறார்கள். திரும்பி வந்தபோது கையில் ஒரு தூக்குச் சட்டி, அதில் சோறு வடித்த கஞ்சி! தகர வாளியில் துணியைக் கட்டி, கஞ்சியை மெல்லச் சாய்த்தார். எனக்கு மூக்கில், ரப்பர்ப் பாலை உறைய வைக்கும் ஆசிட் வாடையே அடித்தது, போங்கள்.

நாடகம் ஒலிபரப்பான மறுநாள் எங்கள் லயத்து, அதாவது தோட்டக் குடியிருப்பு வரிசை வீட்டு, அக்கா ஒருவர், "தம்பி, அவர்கள் எப்போது நம் ஸ்டோருக்கு வந்து பிடித்துக்கொண்டு போனார்கள்?" என்று கேட்டார். கதையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எழுதியவனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்குப் போய், பால் வடிய மரப்பட்டையைச் சீவி, பால் சுமந்தவர் அவர். அந்தக் காது ஏமாறவில்லை என்றால் கஞ்சிக்காரர் வென்றுவிட்டார் என்று பொருள்.

அதே மனிதர் நாடா வெட்டுவதையும் பார்த்தேன். இப்போது கணினியில் அழித்துவிடுகிறார்கள். அப்போது ஒலிநாடா, விநாடிக்கு 7½ அங்குல வேகத்தில் ஓடும். ஒரு விநாடி இருமல் என்றால் ஏறக்குறைய ஒரு சாண் நாடா. சுருளைக் கையால் முன்னும் பின்னும் உருட்டி, இருமல் தொடங்கும் இடத்தில் மெழுகுப் பென்சிலால் கோடு போட்டு, சவர பிளேடால் சாய்வாக அறுத்து, ஒட்டுநாடாவால் ஒட்டினார். சாய்வாக ஏன் என்று கேட்டேன். நேராக அறுத்தால் ஒட்டில் 'டக்' என்று கேட்கும் என்றார். வேலை ஒழுங்காக நடந்தால் நடந்ததே தெரியாது. அறிவிப்பாளர் தடுமாறினால் ஊரே சொல்லும், இவர் சரியாக வெட்டினால் யார் சொல்வது? இதை நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், என் பிள்ளைகளுக்குக் கேட்டுச் சலித்துவிட்டது, இருந்தாலும் சொல்கிறேன். அந்த நாடகத்துக்கு வந்த பாராட்டுக் கடிதங்கள் நடிகர்களுக்கும் எனக்கும்தான் வந்தன. கஞ்சிக்காரருக்கு ஒன்றுகூட இல்லை.

இன்னும் இரண்டு பேரைப் பற்றிச் சொல்லக் குறித்து வைத்திருந்தேன். மலாயில் வரும் செய்தியை நேரம் நெருங்க நெருங்கத் தமிழாக்கிக் கொடுப்பவர் ஒருவர். ஈப்போ அருகே கிளேடாங் மலை உச்சியில் ஒலிபரப்புக் கருவிகளைக் கவனிப்பவர் இன்னொருவர். மின்னல் வெட்டும் நாளில் அவருக்கு என்ன வேலை என்று... தம்பி ஒரு விரலைக் காட்டுகிறார். ஒரு நிமிடமாம். மலைக்காரரை அடுத்த முறை அழைத்தால் சொல்கிறேன், அல்லது அவரையே அழையுங்கள், அது இன்னும் நல்லது. அடுத்து செய்திகள். வணக்கம்.