கிறிஸ்மஸ் சீசனில் மேஜிக் கிங்டம்: எந்த நாள், எந்தப் பக்கம், எந்த வரிசை

[திரை: ஆர்லாண்டோ வரைபடம். நாலு பார்க்கும் ஒவ்வொண்ணா ஒளிருது.]

வணக்கம். கிறிஸ்மஸ் லீவுக்கு ஃப்ளோரிடா போய் வால்ட் டிஸ்னி வேர்ல்ட் பார்க்கத் திட்டம் போடுறவங்களுக்கான வீடியோ இது. அங்க நாலு தீம் பார்க் இருக்கு. நாம அதிகமா பேசப்போறது 1971-ல முதல்ல திறந்த மேஜிக் கிங்டம் பத்தி. கூட்டம் மொத்தமும் போய் விழுறது அங்கதான், திட்டம் சொதப்புறதும் பெரும்பாலும் அங்கதான்.

எந்த ரைடுல முதல்ல ஏறலாம்னுதான் எல்லாரும் கேட்பாங்க. அதுக்கு முன்னாடி தேதியை முடிவு பண்ணுங்க. டிசம்பர் மாசம் அங்க ரெண்டு துண்டா இருக்கும். 1-ஆம் தேதியில இருந்து சுமார் 18 வரைக்கும் ஒரு துண்டு: அலங்காரம் எல்லாம் போட்டிருப்பாங்க, ஆனா அமெரிக்கப் பள்ளிகள் இன்னும் லீவு விட்டிருக்காது. அதுக்கப்புறம் ஜனவரி முதல் சில நாள் வரைக்கும் இன்னொரு துண்டு. அதுலயும் 26-ல இருந்து 31 வரைக்கும்தான் வருஷத்துலயே கூட்டம் உச்சத்துல இருக்கிற நாட்கள். தமிழ்நாட்டுல அரையாண்டு லீவு விட்டதும் கிளம்பினா, நேரா அந்த வாரத்துலதான் போய் இறங்குவீங்க.

டிக்கெட் விலையும் தேதியைப் பொறுத்து மாறும். அந்தக் கடைசி வாரத்துல மேஜிக் கிங்டம் ஒரு நாள் டிக்கெட் ஆளுக்கு 200 டாலரை ஒட்டி நிக்கும். 3 வயசுக்குக் கீழ டிக்கெட் கிடையாது. 10 வயசு ஆயிட்டா பெரியவங்க விலை.

[திரை: டிசம்பர் காலண்டர். சில தேதிகளில் சிவப்பு வட்டம்.]

இப்போ முக்கியமான விஷயம். நவம்பர் ஆரம்பத்துல இருந்து கிறிஸ்மஸுக்குச் சில நாள் முன்னாடி வரைக்கும், குறிப்பிட்ட சில ராத்திரிகள்ல மேஜிக் கிங்டம்ல 'மிக்கீஸ் வெரி மெர்ரி கிறிஸ்மஸ் பார்ட்டி' நடக்கும். இதுக்குத் தனி டிக்கெட். நேரம் ராத்திரி 7-ல இருந்து 12 வரைக்கும். பார்ட்டி டிக்கெட் இருந்தா சாயங்காலம் 4 மணிக்கே உள்ள விட்டுருவாங்க. சாதாரண டிக்கெட்ல வந்தவங்களுக்கு 6 மணியோட பார்க் முடிஞ்சிரும். கையில பார்ட்டி பட்டை இல்லேன்னா வெளியே அனுப்பிருவாங்க.

இது தெரியாம போய் மாட்டிக்கிறவங்க நிறைய. முழு விலை குடுத்து டிக்கெட் வாங்கி, வாணவேடிக்கைக்கு இடம் பிடிச்சு உட்கார்ந்திருப்பாங்க, ஊழியர் வந்து வாசலைக் காட்டுவார். அதனால டிக்கெட் வாங்குறதுக்கு முன்னாடி டிஸ்னி தளத்துல அந்தத் தேதியோட மூடுற நேரத்தைப் பாருங்க. சாயங்காலம் 6-ன்னு போட்டிருந்தா அது பார்ட்டி நாள்.

ஆனா அதே பார்ட்டி நாளை உங்களுக்குச் சாதகமாவும் ஆக்கிக்கலாம். 6 மணிக்கு மூடுறாங்கன்னு தெரிஞ்சவங்க பலரும் அன்னைக்கு வேற பார்க்குக்குப் போயிருவாங்க. அதனால பார்ட்டி நாள் பகல்ல மேஜிக் கிங்டம் வரிசைகள் நல்லாவே குறையும். பார்ட்டி இல்லாத நாள்ல எல்லாரும் மொத்தமா அங்க வந்து குவிவாங்க. டிசம்பர் முதல் பாதியில போறவங்க, ரைடுகளுக்காகவே மேஜிக் கிங்டம் போறதா இருந்தா, பார்ட்டி நாள் பகலைத் தேர்ந்தெடுங்க. டிசம்பர்ல அங்க சூரியன் சாயுறது 5:30 மணிவாக்கில. வெளியே வர்றதுக்கு முன்னாடி அரை மணி நேரம் விளக்கு அலங்காரம் பார்க்கவும் கிடைக்கும். வாணவேடிக்கை மட்டும் போயிரும். அதை பார்க்குக்கு எதிர்க்கரையில இருக்கிற டிஸ்னி ஹோட்டல் பக்கம் ஏரிக்கரையில இருந்து பார்த்துக்கலாம்.

பார்ட்டிக்கே காசு குடுக்கலாமா? ஆளுக்குச் சுமார் 170-ல இருந்து 230 டாலர் வரைக்கும் ஆகும். தேதி கிறிஸ்மஸை நெருங்க நெருங்க விலை ஏறும், கடைசி ராத்திரிகள் சீக்கிரம் வித்துத் தீர்ந்திரும். அந்தக் காசுக்கு ஓசி குக்கீ, ஹாட் சாக்லேட், கிறிஸ்மஸ் ஊர்வலம், தனி வாணவேடிக்கை, ரைடுகள்ல குறைவான வரிசை, வாசல்ல இருந்து உள்ள போற மெயின் ஸ்ட்ரீட்ங்கிற தெருவுல பனி எல்லாம் உண்டு. அந்தப் பனி சோப்பு நுரை. குழந்தைங்க அண்ணாந்து வாயைத் திறந்துக்கிட்டு நிக்கும், பார்த்துக்கோங்க. ஊர்வலம் ரெண்டு தடவை வரும். முதல் தடவைக்குத் தெருவோரம் இடம் பிடிக்க ஒரு மணி நேரம் முன்னாடியே உட்காரணும். 10 மணிக்கு மேல வர்ற ரெண்டாவதுக்கு, குழந்தைங்க முழிச்சிருந்தா, கடைசி நிமிஷத்துல போனாலே இடம் இருக்கும். 4 மணிக்கே விடுறதால அன்னைக்குப் பகல் டிக்கெட்டைச் சேர்த்து வாங்காதீங்க, அது வீண். 9 மணிக்குத் தூங்கிப் போற குழந்தை இருக்கிற வீட்டுக்கு இந்தப் பார்ட்டி கட்டுப்படியாகாது.

பார்ட்டி எல்லாம் முடிஞ்ச பிறகு, கிறிஸ்மஸ் வாரத்துல, அதே ஊர்வலத்தையும் கிறிஸ்மஸ் வாணவேடிக்கையையும் சாதாரண டிக்கெட்டுக்கே காட்டுவாங்க. புத்தாண்டு வாணவேடிக்கை 31-ஆம் தேதி மட்டும்தான்னு நினைச்சுக்கிட்டு அன்னைக்குக் கூட்டத்துல நசுங்க வேண்டாம். 30-ஆம் தேதியும் உண்டு.

[திரை: கைபேசியில் டிஸ்னி செயலி. நேரம் காலை 7:00.]

அடுத்து லைட்னிங் லேன், அதாவது காசு குடுத்துக் குறுக்கு வரிசையில போற வசதி. இதுல மல்டி பாஸ், சிங்கிள் பாஸ்னு ரெண்டு வகை. மல்டி பாஸ்ல மூணு ரைடுக்கு முன்கூட்டியே நேரம் பிடிக்கலாம். மல்டி பாஸ் ரைடுகளை டிஸ்னி ரெண்டு பட்டியலாப் பிரிச்சிருக்கும். அந்த மூணுல ஒண்ணுதான் பிரபலமான ரைடுகள் இருக்கிற முதல் பட்டியல்ல இருந்து வரணும், மத்த ரெண்டும் ரெண்டாம் பட்டியல்ல இருந்து. செவன் ட்வார்ஃப்ஸ் மைன் ட்ரெயின், ட்ரான் மாதிரி கூட்டம் அலைமோதுற ரைடுக்கு சிங்கிள் பாஸ், தனி விலை. மல்டி பாஸ் விலையும் நாளுக்கு நாள் மாறும். கிறிஸ்மஸ் வாரத்துல ஆளுக்கு 35 டாலரைத் தாண்டும்னு வச்சுக்கோங்க.

டிஸ்னி ஹோட்டல்ல தங்குறவங்க 7 நாள் முன்னாடியே, தங்குற நாள் எல்லாத்துக்கும் சேர்த்துப் பதிவு பண்ணலாம். வெளியே தங்குறவங்களுக்கு 3 நாள் முன்னாடி. ரெண்டு பேருக்கும் திறக்கிற நேரம் ஆர்லாண்டோ காலை 7 மணி. ஊர்ல இருந்தே பதிவு பண்றவங்களுக்கு, டிசம்பர்ல அது சாயங்காலம் 5:30.

இங்க வழக்கமா எங்க தவறும்னா, 7 மணிக்குச் செயலியைத் திறக்கும்போதுதான் பாட்டியோட டிக்கெட் இன்னும் கணக்குல சேரலைன்னு தெரியவரும். அதைச் சேர்த்து முடிக்கிறதுக்குள்ள நல்ல நேரம் எல்லாம் போயிருக்கும். எல்லார் டிக்கெட்டையும் ஒரே கணக்குல, ஒரே குடும்பப் பட்டியல்ல முந்தின நாளே சேர்த்து, கார்டு விவரத்தையும் போட்டு வைங்க. மூணு ரைடையும் மதியத்துக்குத் தள்ளாம, முதல் ரைடை காலை 9, 10 மணிக்குள்ள வைங்க. அதுல ஏறி முடிச்சாத்தான் நாலாவது ரைடுக்கு நேரம் பிடிக்க வழி திறக்கும். முதல் ரைடே மதியம் 2 மணிக்குன்னா, அதுவரைக்கும் கையில இருக்கிற மூணோட உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

[திரை: கார் நிறுத்துமிடம், ஏரி, எதிர்க்கரையில் கோட்டை.]

காலையில போய்ச் சேர்றது. கார்ல போனா மேஜிக் கிங்டம் வாசல்ல நிறுத்த முடியாது. ட்ரான்ஸ்போர்டேஷன் அண்ட் டிக்கெட் சென்டர்ங்கிற இடத்துல நிறுத்தி, பாதுகாப்புச் சோதனை முடிச்சு, ஏரியைத் தாண்டணும். அதுக்கு மோனோ ரயில், இல்லேன்னா படகு. கார் கதவைச் சாத்தினதுல இருந்து பார்க் வாசலுக்கு 45 நிமிஷம் ஒதுக்குங்க. கிறிஸ்மஸ் வாரத்துல இன்னும் கூட. ஊபர்ல போனாலும் அங்கதான் இறக்கி விடுவாங்க. டிஸ்னி ஹோட்டல் பேருந்து மட்டும் வாசலுக்குப் பக்கத்துலயே விடும். அந்த ஹோட்டல் விலை கூடங்கிறவங்க இந்த 45 நிமிஷத்தையும் கணக்குல சேர்த்துப் பாருங்க.

டிஸ்னி ஹோட்டல்ல தங்குறவங்களுக்கு தினமும் அரை மணி நேரம் முன்னாடியே உள்ள போக அனுமதி உண்டு. ஆனா மேஜிக் கிங்டம்ல அந்த அரை மணியில ஃபேன்டஸிலேண்ட், டுமாரோலேண்ட்ங்கிற ரெண்டு பகுதிதான் திறந்திருக்கும். இதுல இருந்தே உங்க வழி முடிவாயிரும். அந்த அனுமதி இருந்தா நேரா மைன் ட்ரெயினுக்கோ ட்ரானுக்கோ போங்க. இல்லேன்னா அந்தப் பக்கமே திரும்பாதீங்க, நீங்க போறதுக்குள்ள வரிசை கட்டியிருக்கும். எதிர்ப்பக்கம், அட்வென்ச்சர்லேண்டுக்குப் போங்க. அங்க ஜங்கிள் க்ரூஸ் படகு இந்த சீசன்ல 'ஜிங்கிள் க்ரூஸ்' ஆயிரும், படகோட்டி சொல்ற கடி ஜோக்கு எல்லாம் கிறிஸ்மஸ் ஜோக்கா மாறியிருக்கும். காலையில 15, 20 நிமிஷத்துல ஏறிடலாம். மதியம் போனா அந்த ஜோக்குக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல நிக்கணும்.

உயரத்தை வீட்டுலயே அளந்துருங்க. மைன் ட்ரெயினுக்கு 97 சென்டிமீட்டர், டியானாஸ் பயூ அட்வென்ச்சருக்கு 102, ஸ்பேஸ் மவுன்டனுக்கு 112, ட்ரானுக்கு 122. வாசல்ல அளவுகோல் வச்சுப் பார்ப்பாங்க, அரை அங்குலம் குறைஞ்சாலும் கெஞ்சிப் பிரயோஜனம் இல்லை. உயரம் பத்தாத குழந்தை இருந்தா 'ரைடர் ஸ்விட்ச்' கேளுங்க. அப்பா ஏறும்போது அம்மா குழந்தையோட வெளியே இருக்கலாம், அப்புறம் அம்மா மறுபடி வரிசையில நிக்காம ஏறலாம். இதுக்குக் காசு இல்லை.

11 மணிக்கு மேல 4 மணி வரைக்கும் பெரிய ரைடுகளை மறந்துருங்க. ஹோட்டல் பக்கத்துலன்னா போய்த் தூங்கிட்டு வாங்க. உள்ளயே இருக்கிறதா இருந்தா உட்கார்ந்து பார்க்கிற இடங்களாப் பாருங்க. டுமாரோலேண்ட்ல 'கரோசல் ஆஃப் ப்ராக்ரஸ்'னு ஒரு சுழலும் அரங்கு. 1964 நியூயார்க் உலகக் கண்காட்சிக்காக வால்ட் டிஸ்னி செஞ்சது, சுமார் 20 நிமிஷம். அதோட கடைசிக் காட்சியே ஒரு வீட்டுல கிறிஸ்மஸ் கொண்டாடுறதுதான். சீரமைப்புக்கு மூடாம இருந்தா, கால் வலிக்கிற தாத்தா பாட்டிக்கு இதைவிட நல்ல இடம் இல்லை.

சாப்பாடு வெளியே இருந்து கொண்டு போகலாம். புளியோதரை, சப்பாத்தி, இட்லிப்பொடி தடவின இட்லி எதுக்கும் தடை இல்லை. கண்ணாடி பாட்டிலுக்குத் தடை உண்டு, அதனால ஊறுகாய் பிளாஸ்டிக் டப்பாவுல போகணும். சூடு பண்ணித் தர மாட்டாங்க. ஐஸ் கட்டியாப் போட்ட கூலரை விட மாட்டாங்க, ஐஸ் பேக் ஓகே. குடிதண்ணி வாங்க வேண்டாம்: பானம் விக்கிற கவுன்டர்ல கேட்டா ஐஸ் தண்ணி ஓசி. மேசை பிடிச்சுச் சாப்பிடுற உணவகம்னா 60 நாள் முன்னாடியே பதிவு திறக்கும். சைவக்காரங்களுக்கு ஒண்ணு: அனிமல் கிங்டம் லாட்ஜ்ங்கிற டிஸ்னி ஹோட்டல்ல 'சனா'ன்னு ஒரு உணவகம், நான் ரொட்டியும் பல வகைச் சட்னியும் ஒரே தட்டுல வரும், ஜன்னலுக்கு வெளியே ஒட்டகச்சிவிங்கி.

ஃப்ளோரிடாதானேன்னு வெறும் டி-ஷர்ட்டோட போயிராதீங்க. டிசம்பர்ல பகல் 22, 23 டிகிரி இருக்கும், விடிகாலை 10, 12-க்கு இறங்கும். வடக்குக் குளிர் காத்து வந்துட்டா அதைவிடவும் கீழ. கழட்டி மடிக்கிற மாதிரி ஸ்வெட்டர் எடுத்துக்கோங்க. தண்ணி தெறிக்கிற டியானா ரைடை மதியத்துல முடிச்சிருங்க. நனைஞ்ச ஜீன்ஸோட ராத்திரி படகுக்கு நின்னா ஊர் திரும்புற வரைக்கும் தும்மல்தான்.

நாலு பார்க்குல இன்னொண்ணான எப்காட்ல ஒரு ராத்திரி ஒதுக்க முடிஞ்சா 'கேண்டில்லைட் ப்ரொசெஷனல்' பாருங்க. கூட்டுப் பாடகர் குழுவும் இசைக்குழுவும் பாட, பிரபலம் ஒருத்தர் இயேசு பிறப்புக் கதையை வாசிப்பார். பார்க் டிக்கெட்டே போதும். ஆனா இடம் உறுதியா வேணும்னா அதோட சேர்ந்த சாப்பாட்டுப் பேக்கேஜ் எடுக்கணும்.

[திரை: வாணவேடிக்கை முடிந்து, மெயின் ஸ்ட்ரீட்டில் வாசல் நோக்கி நகரும் கூட்டம்.]

கடைசியா, வெளியே வர்றது. வாணவேடிக்கை முடிஞ்ச அடுத்த நிமிஷம் மொத்தப் பார்க்கும் ஒரே தெரு வழியா அதே மோனோ ரயிலுக்கும் படகுக்கும் கிளம்பும். நீங்களும் சேர்ந்து கிளம்பினா ஒரு மணி நேரம் நின்னுக்கிட்டே குழந்தையைத் தூக்கி வச்சிருக்கணும். ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, வாணவேடிக்கையையே வாசல் பக்கம் ரயில் நிலையத்துக்கிட்ட நின்னு பார்த்துட்டு, கடைசி வெடி வெடிக்கும்போதே நடையைக் கட்டுறது. இன்னொண்ணு, முக்கால் மணி நேரம் உள்ளயே தங்குறது. அந்த நேரத்துல ரைடு வரிசையும் பாதியாகும், பார்க் மூடுற நேரத்துக்கு ஒரு நிமிஷம் முன்னாடி வரிசையில சேர்ந்தாலும் ஏத்திருவாங்க. மெயின் ஸ்ட்ரீட் கடைகள் அதுக்கப்புறமும் கொஞ்ச நேரம் திறந்திருக்கும், சாமான் வாங்குறதை அப்போ வச்சுக்கோங்க. காலையில வாங்கினா நாள் பூரா தூக்கிச் சுமக்கணும்.