பந்தில்லாத பின்போல்

அன்பார்ந்த நேயர்களுக்கு என் வணக்கம்.

என் வீட்டு முன்னறையில் ஒரு பெட்டி நிற்கிறது. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் தொடர்மாடி இருக்கிறது. அங்கே மூன்றாம் தளத்தில், நியாயமாகச் சோபா இருக்கவேண்டிய இடத்தை இந்தப் பெட்டி பிடித்துக்கொண்டிருக்கிறது. நான்கு இரும்புக் கால்கள், மேலே கண்ணாடி, முன்புறம் இழுத்து விடுகிற கம்பி, இரு பக்கமும் பொத்தான்கள், தலைமாட்டில் நிமிர்ந்து நிற்கும் இன்னொரு பெட்டி. வருகிறவர்கள் "பின்போல் இயந்திரமா?" என்று கேட்டுக்கொண்டே பொத்தானை அமுக்குவார்கள். சற்று நேரம் விளையாடிய பிறகு கண்ணாடியோடு முகத்தை ஒட்டிக்கொண்டு உற்றுப் பார்ப்பார்கள். உள்ளே பந்து கிடையாது. படுக்கவைத்த தொலைக்காட்சி ஒன்று இருக்கிறது, அதற்குக் கீழே ஒரு கணினி இருக்கிறது, அவ்வளவுதான்.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் கணினி பழகியவர்களுக்குப் பின்போல் என்றால் விளக்கம் தேவையில்லை. வேலை நேரத்தில் அலுவலகத்தில் யார் எத்தனை புள்ளி எடுத்தார் என்பது அந்தத் தலைமுறைக்கு நன்றாக நினைவிருக்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சரிந்த பலகை ஒன்றின் மேல் 27 மில்லிமீற்றர் விட்டமும் 80 கிராம் நிறையும் கொண்ட உருக்குப் பந்து உருண்டு வரும். அது கீழே உள்ள பொந்துக்குள் விழுந்துவிடாமல், பிளிப்பர் எனப்படும் இரண்டு துடுப்புகளால் மேலே அடித்துக்கொண்டிருக்கவேண்டும். அடிக்கும் இடத்தைப் பொறுத்துப் புள்ளி, விளக்கு, மணி.

வரலாற்றை நீட்டப்போவதில்லை. ஆனால் ஒரு விடயத்தைத் தாண்டிப் போக முடியாது. 1931-இல் சிக்காகோவில் கொட்லீப் நிறுவனம் வெளியிட்ட 'பஃபிள் போல்' விற்பனையில் சக்கைபோடு போட்டபோது, அந்த இயந்திரத்தில் பிளிப்பரே இருக்கவில்லை. கம்பியை இழுத்து விட்டால் பந்து போகும், ஆணிகளில் முட்டும், எங்கேயோ விழும். ஆட்டக்காரன் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டியதுதான். இது சூதாட்டம் என்று நியூயோர்க் நகரம் 1942-இல் தடை போட்டது. மேயர் லகார்டியா சம்மட்டியால் இயந்திரங்களை உடைக்கும் புகைப்படங்கள் இன்றும் இருக்கின்றன. 1947-இல் அதே கொட்லீப் நிறுவனம் 'ஹம்ப்டி டம்ப்டி' என்ற இயந்திரத்தில் ஆறு பிளிப்பர்களைப் பொருத்தியபோது விளையாட்டு ஆட்டக்காரனின் கைக்கு வந்துசேர்ந்தது. சட்டத்துக்கு அது உறைக்க இன்னும் பல ஆண்டுகள் பிடித்தன. 1976-இல் ரோஜர் ஷார்ப் என்ற இளைஞர் நியூயோர்க் நகர சபையினர் முன்னால் நின்று, பந்து எந்த வழியால் இறங்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கம்பியை இழுத்தார். சொன்ன வழியிலேயே பந்து இறங்கியது. தடை நீங்கியது.

கையின் திறமைதான் இந்த விளையாட்டைச் சூதிலிருந்து பிரித்தெடுத்தது. அப்படியானால் பந்தே இல்லாத இயந்திரம் ஒன்றை வீட்டில் கட்டுகிறவன் முதலில் யாரை ஏமாற்றவேண்டும்? எல்லோரும் கண்ணை என்கிறார்கள். விலையுயர்ந்த வரைகலை அட்டை, பளபளக்கும் 4கே திரை என்று அங்கேதான் பணத்தைக் கொட்டுகிறார்கள். கண் இளகிய மனம் படைத்தது, கொஞ்சம் நிழலும் ஒளியும் காட்டினால் நம்பிவிடும். கை அப்படி நம்பாது.

ஒரு சின்னக் கணக்குப் பார்ப்போம். பிளிப்பரின் நீளம் மூன்று அங்குலம், ஏறக்குறைய ஏழரை சென்ரிமீற்றர். பந்து செக்கனுக்கு இரண்டு மீற்றர் வேகத்தில் இறங்கி வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பொத்தானை அமுக்கியதிலிருந்து திரையில் பிளிப்பர் எழும்ப 50 மில்லி செக்கன் பிடித்தால், அதற்குள் பந்து பத்துச் சென்ரிமீற்றர் போய்விடும். அதாவது பிளிப்பரின் நீளத்தையே தாண்டிவிடும். வீட்டுத் தொலைக்காட்சிகள் படத்தை மெருகூட்டுவதற்காக எடுத்துக்கொள்ளும் நேரம் சில வேளை இதைவிடக் கூடுதலாக இருக்கும். ஆகவே தொலைக்காட்சியில் அந்த மெருகூட்டலைக் குறைக்கும் 'கேம் மோட்' இருக்கிறதா, அது உண்மையில் வேலை செய்கிறதா என்று பார்த்துத்தான் வாங்கவேண்டும். கடையில் காட்டும் கடலும் கிளியும் பூவும் உங்களுக்கு எதையும் சொல்லாது. தாமதத்தை அளக்க, மெதுவியக்கக் காணொளி எடுக்கக்கூடிய கைத்தொலைபேசி இருந்தால் போதும். செக்கனுக்கு 240 சட்டங்கள், அதாவது தனித்தனிப் படங்கள், எடுக்கும் கமெரா என்றால் ஒரு சட்டம் ஏறக்குறைய நான்கு மில்லி செக்கன். விரல் பொத்தானைத் தொடுவதையும் திரை மாறுவதையும் ஒரே காணொளியில் பிடித்து, இடையிலுள்ள சட்டங்களை எண்ணிவிடலாம். யூனிட்டி பிளாசாவில் ஒரு கடைக்காரர் நான் செய்வதைப் பார்த்து, திரையில் ஏதோ பழுது கண்டுபிடித்து விலையைக் குறைக்கப் பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

அடுத்தது பெட்டி. 43 அங்குலத் தொலைக்காட்சியின் படப்பரப்பு முப்பத்தேழரை அங்குல நீளம், 21 அங்குல அகலம். சட்டத்தையும் சேர்த்து அது உள்ளே இறங்கவேண்டும் என்றால், இருபுறமும் 18 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகையோடு பெட்டியின் வெளி அகலம் 24 அங்குலத்தை நெருங்கும். சிக்காகோ இயந்திரங்கள் ஏறக்குறைய 22 அங்குலந்தான். வரைபடத்தை மொரட்டுவையில் ஒரு தச்சு பாஸிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். நீளத்தைப் பார்த்தார், அகலத்தைப் பார்த்தார், தலைப்பக்கம் உயர்ந்து கால்பக்கம் சரிவதையும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "மாத்தயா, வீட்டில் யாருக்காவது கடுமையா?" என்று கேட்டார். விளையாட்டுச் சாமான் என்று தெரிந்த பிறகு அவருக்கு வந்த உற்சாகம் இருக்கிறதே, பொத்தான் துளையின் ஓரத்தை விரல் வழுக்கும்படி இழைத்துக் கொடுத்தது அவருடைய சொந்த யோசனை.

மற்றப் பொருட்கள் கொழும்பில் கால் நடந்தால் கிடைக்கும். மின்வழங்கியும் கம்பியும் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில், திருகாணியும் சுரையும் பழைய சோனகத் தெருவில். பஞ்சிகாவத்தையில் வாகன உதிரிப்பாகக் கடைகளில் பழைய வைப்பர் மோட்டர் வாங்கினேன். அதன் 12 வோல்ட் முனகலைக் கேட்டால் பின்போல் மேசைக்குள் ஏதோ ஒரு பொறி சுழல்வதாகவே தோன்றும். மேல் கண்ணாடிக்கு ஐந்து மில்லிமீற்றர் உரமேற்றிய கண்ணாடி நல்லது. அளவைச் சரிபார்த்துவிட்டுக் கொடுங்கள். உரமேற்றிய பிறகு அதை வெட்ட முடியாது, வெட்டப் போனால் நொறுங்கிவிடும்.

இனி என் தொழில் சம்பந்தப்பட்ட இடத்துக்கு வருகிறேன். நான் மின்தூக்கிகளைப் பராமரிப்பவன். உயர்ந்த கட்டடம் ஒன்றின் இயந்திர அறைக்குள் நுழைந்தால், கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறக்கும் முன்னரே கொன்டாக்டர்கள் இழுபடும் ஒலியைக் கேட்டு, எது தளர்ந்திருக்கிறது என்று ஓரளவு சொல்லிவிடலாம். கொன்டாக்டர் என்பது சுருளுக்கு மின் வந்ததும் இரும்பை இழுத்துத் தொடுகையை மூடும் பெரிய ஆளி. அந்த 'டக்' ஒலி காதுக்கு மட்டும் வருவதில்லை, பெட்டியில் கை வைத்திருந்தால் எலும்பிலும் வரும். உண்மையான பிளிப்பரை இயக்குவதும் ஒரு மின்காந்தச் சுருள்தான் என்பதால், இந்தப் பொழுதுபோக்கில் இறங்கியவர்கள் உலகெங்கும் பிளிப்பர் அடிக்கும் உணர்வைத் தரக் கொன்டாக்டர்களைப் பயன்படுத்துகிறார்கள். 24 வோல்ட் நேரோட்டச் சுருள் உள்ளவற்றைப் பார்த்து எடுக்கவேண்டும். பிளிப்பருக்கு ஒன்று வீதம் பொத்தான்களுக்கு அருகில் பலகையோடு இறுக்கிப் பூட்டினால், அமுக்கும் விரலுக்குக் கீழேயே அடி விழும். ஒவ்வொரு சுருளுக்கும் குறுக்கே, மின்னை ஒரு திசையில் மட்டும் விடும் டயோட் ஒன்று கட்டாயம். சுருளை நிறுத்தும் கணத்தில் அது திருப்பி அனுப்பும் மின்னழுத்தம், கட்டுப்படுத்தும் மின்சுற்றுப் பலகையைக் கொன்றுவிடும்.

இந்தச் சுருள்களுக்குக் கட்டளை எங்கிருந்து வருகிறது என்பதுதான் எனக்கு இன்னும் சலிக்காத பகுதி. 'விஷுவல் பின்போல்' என்ற மென்பொருளை ரண்டி டேவிஸ் என்பவர் 2000-ஆம் ஆண்டு வெளியிட்டார். இன்று அது இலவசம், மூல நிரலும் திறந்திருக்கிறது. பந்தின் உருளலையும் மோதலையும் அது கணக்கிடுகிறது. ஆனால் புள்ளி விதிகளைத் தீர்மானிப்பது வேறொன்று. தொண்ணூறுகளின் சிக்காகோ இயந்திரம் ஒவ்வொன்றினுள்ளும் ஒரு சிறு கணினியும் அதற்கென்று எழுதப்பட்ட நிரலும் இருந்தன. அந்தப் பழைய கணினியைப் போலவே நடந்துகொள்கிற 'பின்மேம்' என்ற மென்பொருள் அந்த நிரலை அப்படியே ஓட்டுகிறது. தான் வெள்ளவத்தையில் ஒரு தொலைக்காட்சிக்குக் கீழே ஓடுவது அந்த நிரலுக்குத் தெரியாது. இன்ன சுருளை இயக்கு என்று அது தன் பழைய வழக்கப்படி உத்தரவிடுகிறது. இடையில் இருக்கும் இன்னொரு மென்பொருள் அந்த உத்தரவைப் பிடித்து என் கொன்டாக்டருக்கு அனுப்புகிறது. முப்பது ஆண்டுகளுக்கு முன்பு எழுதிய கட்டளைக்கு, மின்தூக்கியிலிருந்து கழற்றிய ஒரு கொன்டாக்டர் கீழ்ப்படிகிறது! என் தொழிலில் பழையதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியது போடுவதுதான் வழக்கம், அதனால் எனக்கு இதில் கூடுதல் மகிழ்ச்சியோ தெரியாது.

உருளும் ஓசைக்கு வேறு உபாயம். எக்சைட்டர் என்று ஒன்று இருக்கிறது, கூம்பு இல்லாத ஒலிபெருக்கி என்று சொல்லலாம். அதைப் பலகையில் ஒட்டினால் பலகையே ஒலிக்கும். பெட்டியின் நான்கு மூலைகளிலும் ஒவ்வொன்றை ஒட்டி, எட்டுத் தடங்கள் கொண்ட 7.1 ஒலி அட்டையின் பின்புற, பக்கவாட்டுத் தடங்களில் இணைத்தால், பந்து இடமிருந்து வலம் உருள்வது உள்ளங்கைக்குத் தெரியும். இசையும் பேச்சும் தலைமாட்டு ஒலிபெருக்கிகளுக்குப் போய்விடும். வானொலியில் இருந்துகொண்டு இதைச் சொல்வது பொருத்தம்தான். பார்வையை எடுத்துவிட்டால் எவ்வளவு மிஞ்சும் என்பது இங்கே இருப்பவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு உங்கள் பெட்டியில் விளையாடிப் பாருங்கள். பந்து எங்கே இருக்கிறது என்று கை சொல்லவில்லை என்றால், அந்தக் குறையை எந்தத் திரையும் தீர்க்காது.

மேசையைத் தட்டி, தள்ளிப் பந்தைத் திசைதிருப்புவது இந்த விளையாட்டில் பாதி. அதற்கு, தள்ளும் அசைவை உணரும் முடுக்கமானி ஒன்று வேண்டும். விலை குறைந்த மின்சுற்றுப் பலகை ஒன்றிலேயே முடுக்கமானியை வைத்து, பொத்தான், இழுகம்பி, தள்ளல் மூன்றையும் கணினிக்குச் சொல்லும் 'பின்ஸ்கேப்' என்ற திட்டம் இலவசமாகக் கிடைக்கிறது. அதிகமாகத் தள்ளினால் 'டில்ட்' விழுந்து அந்தப் பந்து பறிபோகும். முப்பதுகளிலிருந்து வரும் விதி இது. அசல் இயந்திரத்தில் தொங்கும் குண்டு ஒன்று வளையத்தில் முட்டினால் டில்ட். நான் அந்தக் குண்டையே உள்ளே தொங்கவிட்டிருக்கிறேன். முடுக்கமானி சொல்லும் எண்ணைவிடக் குண்டு நேர்மையானது.

பாதுகாப்பைப் பற்றிச் சொல்லாமல் போனால் என் தொழிலுக்குத் துரோகம். மூடிய பெட்டிக்குள் 230 வோல்ட் போகிறது, வெளியே கால்களும் முன்பட்டையும் உலோகம், பிள்ளைகள் இரு கையாலும் பிடிப்பார்கள். தெரிகிற உலோகம் அத்தனையையும் புவித்தொடுப்புச் செய்யுங்கள். சுருள்களுக்குத் தனி மின்வழங்கி, ஒவ்வொரு வரிசைக்கும் உருகி. வீட்டின் ட்ரிப் சுவிட்ச் உண்மையில் விழுகிறதா என்று அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் அது பொருத்திய நாளிலிருந்து யாரும் தொடாத பொத்தான். பின்பக்கத்தில் காற்றுத் துளையும் விசிறியும் வையுங்கள். கடற்காற்று வரும் பக்கத்தில் இருப்பவர்கள் கால் ஆணிகளைத் துருப்பிடிக்காத உருக்கில் வாங்கினால் பிறகு தலையில் கைவைக்கவேண்டியதில்லை.

தொடர்மாடியில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. வெற்றி பெற்றால் பெட்டிக்குள் ஒரு சுருள் மரத்தில் ஓங்கி அடிக்கும். 'நொக்கர்' என்பார்கள். துப்பாக்கி வெடித்தது போலிருக்கும் அந்தச் சத்தம் கீழ்த்தளத்துக்கு இறங்காமலிருக்கக் கால்களுக்கு அடியில் தடித்த இறப்பர் வைத்தேன். பாதி குறைந்தது. மீதிக்கு, சுருள்களை மட்டும் உறங்கவைக்கும் இரவு ஆளி ஒன்று போட்டிருக்கிறேன். கீழ்மாடி அக்கா படிக்கட்டில் என்னைக் கண்டால், "தம்பி, நேற்று வெல்லவில்லையோ, சத்தத்தைக் காணோம்?" என்று கேட்பார். அதை விசாரிப்பாக எடுத்துக்கொள்வதா, எச்சரிக்கையாக எடுத்துக்கொள்வதா என்று எனக்கு இதுவரை பிடிபடவில்லை.

இந்த மென்பொருளில் ஓடும் ஒவ்வொரு விளையாட்டையும் மேசை என்பார்கள். கட்டி முடித்த பெட்டியில் நூற்றுக்கணக்கான மேசைகளை ஏற்றி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த மேசைகள், வரைந்தவர்கள் இலவசமாகத் தந்தவை, விற்கக்கூடாது என்று அவர்கள் கேட்டுக்கொண்டவை. அப்படி விற்பவரிடம் வாங்காதீர்கள்.

செய்து பார்க்க விரும்புகிறவர்கள் மரத்தில் தொடங்கவேண்டாம். கையில் இருக்கும் கணினியில் மென்பொருளைப் போடுங்கள். விசைப்பலகையில் இடது ஷிப்ட் இடது பிளிப்பர், வலது ஷிப்ட் வலது பிளிப்பர், என்டர் இழுகம்பி, இலக்கம் ஐந்து காசு, ஒன்று ஆட்டத் தொடக்கம். ஒரே ஒரு மேசையை எடுத்துக்கொண்டு சில வாரங்கள் விளையாடுங்கள். பந்து இறங்கும்போது விசைப்பலகையையே பிடித்துத் தள்ள உங்கள் கை போகிறதா என்று பாருங்கள். போகவில்லை என்றால் பெரிய செலவு மிச்சம். போகிறது என்றால், வாசற்கதவின் அகலத்தை அளந்துகொண்டு பலகைக் கடைக்குப் புறப்படலாம்.

நன்றி. வணக்கம்.