மோருக்கு ஒரு கை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, நாற்காலி கிடைக்காமல் சுவரோரமாக நிற்கும் பெரியவர்களே, எல்லாருக்கும் பொங்கல் வணக்கம்.

'சர்க்கரை நோயாளியைக் கவிழ்ப்பது இனிப்பா, சோறா?' இதுதான் தலைப்பு. சோறுதான் என்று பேச வந்திருக்கிறேன். காலையில் பச்சரிசியைப் பொங்கிப் படைத்துக் கும்பிட்டுவிட்டு, சாயங்காலம் அதே அரிசி மேல் புகார் கொடுக்க மேடை ஏறியிருக்கிறேன். அந்தத் துணிச்சலுக்காவது இரண்டு மதிப்பெண் சேர்த்துப் போடுங்கள்.

எனக்கு முன்னால் பேசிய சகோதரி ஜாங்கிரியையும் மைசூர்பாகையும் கூண்டில் ஏற்றிவிட்டு உட்கார்ந்தார். நான் ஜாங்கிரிக்கு வக்கீல் இல்லை. சர்க்கரைக்காரர் அதைத் தொடாமல் இருப்பது நல்லதுதான். ஆனால் சகோதரி, ஜாங்கிரி உங்கள் வீட்டுக்கு வருடத்தில் எத்தனை தடவை வரும்? தீபாவளிக்கு வரும், ஏதாவது கல்யாணத்துக்கு வரும், பக்கத்து வீட்டுப் பையன் பாஸானால் அரைத்துண்டு வரும். என்றைக்கோ வருகிற விருந்தாளியைத் திருடன் என்று பிடித்துக் கொடுத்துவிட்டு, தினமும் மூன்று வேளையும் கொத்துச்சாவியோடு வீட்டுக்குள் உலாத்துகிறவனை விட்டுவிட்டீர்களே!

எங்கள் அப்பாவுக்குச் சுகர் வந்து 12 வருடம் ஆகிறது. காபிக்குச் சர்க்கரை கிடையாது. யாராவது மறந்து போட்டுவிட்டால் அந்த டம்ளரை விஷம் மாதிரி தள்ளி வைப்பார். கோயிலில் கொடுக்கும் கல்கண்டைக்கூடக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அம்மாவிடம் கொடுத்துவிடுவார். அவ்வளவு கட்டுப்பாடு. அப்புறம் மதியம் இலை முன்னால் உட்காருவார். சாம்பாருக்கு ஒரு குவியல், ரசத்துக்கு ஒரு குவியல், கடைசியில் 'மோருக்கு மட்டும் ஒரு கை' என்பார். அம்மா கை கொஞ்சம் பெரிய கை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தங்கை கேக் செய்ய வாங்கி வைத்திருந்த தராசை எடுத்தேன். ஒவ்வொரு முறையும் சோற்றை நிறுத்து அவர் தட்டில் வைத்தேன். மூன்று சுற்றும் சேர்த்து 400 கிராம். வெந்த சோறு 100 கிராமில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து. ஆக 112 கிராம். தேக்கரண்டிக்கு 5 கிராம் என்று வைத்தால் 22 கரண்டி சர்க்கரைக்குச் சமம். காபியில் இரண்டு கரண்டியைத் தியாகம் செய்த மனுஷன், மதியம் உட்கார்ந்து 22 கரண்டியைச் சாம்பார் ஊற்றிப் பிசைந்து சாப்பிடுகிறார்! இரண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்திப் பார்த்தோம். ரத்தச் சர்க்கரை 261. அப்பா மீட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பேட்டரி போயிருக்கும்" என்றார்.

'சோறு இனிக்கவே இல்லையே, அது எப்படிச் சர்க்கரையாகும்?' என்று எதிரணி கேட்கும். ஒரு வாய் வெறும் சோற்றை விழுங்காமல் நன்றாக மென்றுகொண்டே இருங்கள். கொஞ்ச நேரத்தில் லேசாகத் தித்திக்கும். பள்ளியில் படித்ததுதான். எச்சிலில் உள்ள அமிலேஸ் வேலையை ஆரம்பித்துவிடுகிறது. மாவுச்சத்து என்பதே குளுக்கோஸைச் சங்கிலி மாதிரி கோத்து வைத்திருப்பதுதான். குடலுக்குப் போனதும் கண்ணி கண்ணியாகக் கழன்று ரத்தத்தில் இறங்கிவிடும். சொல்லப்போனால் வெள்ளைச் சர்க்கரையில் பாதிதான் குளுக்கோஸ், மறுபாதி ஃப்ரக்டோஸ். சோற்றின் மாவுச்சத்து முழுக்கக் குளுக்கோஸ். நாக்கு ஏமாறும், மீட்டர் ஏமாறாது.

சரி, சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறினால் தப்பித்தோமா? அதையும் செய்து பார்த்தோம். ராத்திரி சப்பாத்தி என்று வீட்டில் தீர்மானம் நிறைவேறியது. அப்பா ஐந்து சப்பாத்தி சாப்பிட்டார், தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்குக் குருமா! ஒரு சப்பாத்திக்கு 30 கிராம் மாவு, அதில் ஏறக்குறைய 20 கிராம் மாவுச்சத்து. ஐந்துக்கு 100. கிழங்குக்குத் தனிக் கணக்கு. ராகிக்கும் இதே கதைதான். நைஸாக அரைத்துக் கூழாகக் காய்ச்சிச் சொம்பு நிறையக் குடித்தால், சிறுதானியம் என்பதற்காக ரத்தம் சலுகை காட்டாது.

இது எங்கள் வீட்டு வம்பு மட்டும் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சென்னை மெட்ராஸ் டயாபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் சேர்ந்து நாடு முழுக்க 1 லட்சத்து 21 ஆயிரம் பேரை ஆராய்ந்து 2025-ல் முடிவை வெளியிட்டன. நாம் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. அரிசியை எடுத்துவிட்டுக் கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ வைத்து, மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் விட்டால் பலன் தெரியவில்லை. அதில் ஒரு பங்கைப் பருப்பு, பால், தயிர் போன்றவற்றின் புரதத்துக்கு மாற்றினால்தான் ஆபத்து குறையும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அதே ஆய்வு, சர்க்கரையும் நாம் கூடுதலாகத்தான் சாப்பிடுகிறோம் என்கிறது. எதிரணி எடுத்து வீசுவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

அப்படியானால் சோற்றை ஒரேயடியாக நிறுத்திவிடலாமா? கூடாது. எங்கள் சித்தப்பா அப்படித்தான் யாரிடமும் கேட்காமல் ஒரு திங்கட்கிழமை நிறுத்தினார். ரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரையை மட்டும் வழக்கம்போலப் போட்டுக்கொண்டார். பதினோரு மணிக்குக் கை நடுங்குகிறது, சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. பார்த்தால் 58. 70-க்குக் கீழே போனாலே ஆபத்து. சித்தி ஓடிப்போய்த் தண்ணீரில் மூன்று கரண்டி சர்க்கரையைக் கலக்கிக் கொடுத்தார், பதினைந்து நிமிடத்தில் ஆள் தேறினார். கைதட்டுங்கள் எதிரணி, அன்றைக்கு அவரைக் காப்பாற்றியது நீங்கள் கூண்டில் ஏற்றிய இனிப்புத்தான்! மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சோற்றைக் குறைக்கிறார்கள் என்றால், மருந்தின் அளவை என்ன செய்வது என்று மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான் கரண்டியைக் கீழே வைக்க வேண்டும்.

அப்பாவும் கேட்டுக்கொண்டுதான் குறைத்தார். இப்போது முதலில் கீரைக் கூட்டும் பொரியலும் ஒரு கிண்ணம், கூடவே ஒரு முட்டை அல்லது கொண்டைக்கடலைச் சுண்டல். அதெல்லாம் உள்ளே போன பிறகுதான் சோறு, 150 கிராம். காயும் புரதமும் முன்னால் போனால் பின்னால் வரும் சோறு நிதானமாகத்தான் ஏறும். சாம்பாருக்கும் ரசத்துக்கும் அந்த 150-ஐத்தான் பங்கு பிரிக்க வேண்டும். முதல் வாரம் வீட்டில் மௌன விரதம். 'பந்தியில் இடம் கொடுத்துவிட்டு இலையைப் பிடுங்குகிறாயே' என்று ஒருநாள் கேட்டார். மூன்றாவது வாரம் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்ததில் 168. இந்தத் தடவை பேட்டரியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மோரை டம்ளரில் ஊற்றிக் குடிக்கப் பழகிவிட்டார்.

நடுவர் மணி மேல் கை வைத்துவிட்டார், முடித்துக்கொள்கிறேன். சர்க்கரைப் பொங்கலில் இரண்டும் ஒரே பானையில்தானே வேகின்றன என்று சொல்லி, இரண்டு அணிக்கும் பாதிப் பாதித் தீர்ப்பு கொடுத்துத் தப்பிக்கலாம் என்று அவர் யோசிப்பது தெரிகிறது. ஐயா, தீர்ப்பைச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் சொல்லப் போகிறீர்கள். பின்னால் இலை போட ஆரம்பித்துவிட்டார்கள். உங்களுக்கு நேர் எதிர்ப் பந்தியில்தான் நான் உட்காருவேன். பாயசத்துக்கு வேண்டாம் என்று கையை நீட்டித் தடுக்கும் நீங்கள், மோருக்கு எத்தனை கை வாங்குகிறீர்கள் என்று எண்ணிக்கொண்டே இருப்பேன். வணக்கம்.